அன்னாவும் என் சின்னம்மாவும்

நெடுங்காட்டில் 'பாங்காக்' என்று சொன்னால் ஆண்கள் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் கேட்டிருக்கிறேன். சினிமாவின் நகைச்சுவைக் காட்சிகள் அந்தச் சிரிப்பை இன்னும் வளர்த்துக் கொடுத்திருக்கின்றன. போய்வந்தவர் ஆணாக இருந்தால் லேசாக வெட்கப்படுவதுபோலக் காட்டிக்கொண்டு உள்ளூரப் பெருமைப்படுவார். போய்வந்தவர் பெண்ணாக இருந்தால் அதே சிரிப்புக்கு வேறு பொருள் வந்துவிடும்.

என் சின்னம்மா பதினேழு வருடம் பாங்காக்கில் இருந்துவிட்டுத் திரும்பினார். சித்தப்பா கல் பட்டை தீட்டும் இடத்துக்கு வேலைக்குப் போய், பிறகு அவரையும் அழைத்துக்கொண்டிருந்தார். வந்த முதல் வாரம் வீட்டுத் திண்ணை நிறைய ஆட்கள். "கம்பெனியில கணக்கு எழுதினேன்" என்றார் சின்னம்மா. சித்தப்பா ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு "வேலை முடியல" என்று பதில். அந்த ஊர்ப் பெண்களைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவர் குரல் உயர்ந்தது: "அங்கல்லாம் பொம்பளைங்களுக்கு வெக்கமே கெடையாது. நம்மளால அப்படி இருக்க முடியுமா?" திண்ணை திருப்தியடைந்தது. எனக்கும் அது போதுமானதாக இருந்தது. அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பெண்ணியம் என்ற சொல்லைப் புதிதாகக் கற்றிருந்தேன். ஆனாலும் அந்த வாக்கியத்தில் எனக்கு எதுவும் உறுத்தவில்லை.

பல வருடம் கழித்து, தாய்லாந்து மக்களிடையே வாழ்ந்த இன்னொரு பெண் எழுதியதைப் படிக்கும்போதுதான் அது உறுத்தியது. அவர் அன்னா லியோனோவென்ஸ். சயாம் மன்னர் மோங்குட்டின் அரண்மனையில் 1862 முதல் 1867 வரை ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். அந்த அனுபவத்தை வைத்து 1870இல் ஒரு புத்தகமும் 1873இல் அந்தப்புரத்தைப் பற்றி இன்னொரு புத்தகமும் எழுதினார். 1944இல் மார்கரெட் லாண்டன் அவற்றை நாவலாக்கினார். 1951இல் அது இசை நாடகமானது, 1956இல் யூல் பிரின்னர் நடித்த படமானது. 1999இல் ஜோடி ஃபாஸ்டர் நடித்து மறுபடியும் படமானது. இந்த இரண்டு படங்களையும் தாய்லாந்து தடைசெய்தது. 1999ஆம் ஆண்டுப் படத்தை மலேசியாவில்தான் எடுக்க முடிந்தது.

அன்னாவைப் பெண்ணியவாதிகள் இரண்டு விதமாக வாசித்திருக்கிறார்கள். ஒரு வாசிப்பில் அவர் முன்னோடி. தனியாக, கைப்பிள்ளையோடு வந்து, மன்னரை எதிர்த்துப் பேசி, அடிமைப் பெண்களுக்காக வாதாடியவர். பிற்காலத்தில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் பெண்களின் வாக்குரிமைக்கு உழைத்தவர். 1887இல் அங்கே ஒரு கலைப் பள்ளி உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். இன்னொரு வாசிப்பில் அவர் பேரரசின் குரல். கிழக்கை இருட்டாகக் காட்டி மேற்கைத் தீபமாகக் காட்டியவர், பொய் சொன்னவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே அவரை 'ஆங்கிலேயப் பெண்' என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்குகின்றன. என் வாசிப்பு மாறியது அங்கேதான்.

அன்னா தன்னைப் பற்றிச் சொன்ன கதை இது: வேல்ஸில் கார்னர்வன் என்ற ஊரில் 1834இல் பிறந்தார். அப்பா ஒரு கேப்டன், சீக்கியப் போரில் மாண்டவர். கணவர் ஒரு மேஜர், புலி வேட்டைக்குப் போய்வந்து இறந்தவர். குடும்பச் சொத்து 1857 கலவரத்தையொட்டி வங்கிகள் முறிந்ததில் போயிற்று. ஏறக்குறைய நூறு ஆண்டு உலகம் இதை நம்பியது. 1976இல் பிரிஸ்டோ என்ற ஆய்வாளர் பழைய பதிவேடுகளைப் பார்த்தபோதுதான் கதை குலைந்தது. பின்னர் சூசன் மோர்கன் 2008இல் எழுதிய 'பம்பாய் அன்னா' என்ற வாழ்க்கை வரலாறு அவருடைய இந்தியப் பிறப்பை விரிவாகப் பேசியது.

அன்னா 1831இல் அகமத்நகரில் பிறந்தார். அப்பா கம்பெனிப் படையில் கீழ்நிலை வீரர், தச்சுத் தொழில் தெரிந்தவர், மகள் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர். அம்மாவின் அப்பா பம்பாய்ப் படையில் ஆங்கிலேய அதிகாரி. அம்மாவின் அம்மா யார் என்பதற்கு ஆவணம் கிடைக்கவில்லை. அவர் இந்தியராகவோ கலப்பினத்தவராகவோ இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. கணவர் மேஜர் கிடையாது, குமாஸ்தா. பெயர் தாமஸ் லியோன் ஓவன்ஸ். 1859இல் பினாங்கில் இறந்தார். அவர் பெயரின் கடைசி இரண்டு சொற்களைச் சேர்த்து ஒட்டியதுதான் 'லியோனோவென்ஸ்'. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் இரண்டு பிள்ளைகளோடு விதவையான அன்னா சிங்கப்பூர் போனார். புதிய பெயரோடும் புதிய பிறப்பிடத்தோடும் அங்கே ஒரு பள்ளி தொடங்கினார். பாங்காக்கிலிருந்து அழைப்பு வந்தது அங்கிருந்தபோதுதான்.

இந்தப் பொய்யை ஒழுக்கக் கேடாக என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு படைவீரரின் கலப்பின மகளுக்கு அன்றைய சிங்கப்பூரில் எந்த வெள்ளைக்காரத் தாய் தன் பிள்ளையைப் படிக்க அனுப்பியிருப்பாள்? 'சுத்தமான' ஆங்கிலேயச் சீமாட்டிக்குத்தான் ஆசிரியர் வேலை. அன்னா பசிக்கு எதிராகச் சொன்ன பொய் அது.

காரைக்கால்காரர்களுக்குப் பெயர் மாற்றத்தைப் புரிந்துகொள்வது கடினமும் இல்லை. 1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. பிரெஞ்சிந்தியக் குடிமக்கள் சாதி, மதம் சார்ந்த தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரலாம். வருகிறவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். சாதியின் அடித்தட்டில் வைக்கப்பட்டிருந்தவர்கள் பலர் அந்தக் கதவு வழியாக வெளியேறினார்கள். புதுப் பெயரோடு சைகோனுக்குக் கப்பலேறி, குமாஸ்தாவாகவும் காவலராகவும் வரி வசூலிப்பவராகவும் ஆனார்கள். பழைய பெயர் இழிவைச் சுமந்திருக்கும்போது புதுப் பெயர் எடுப்பது வாழ்வதற்கான வழி. அந்த மனிதர்களை நாம் பொய்யர்கள் என்று சொல்வதில்லை. அன்னாவையும் சொல்ல வேண்டாம்.

ஆனால் ஒரு விமர்சகராக நான் கேட்க வேண்டிய கேள்வி வேறு: தன்னைக் காத்துக்கொள்ள அணிந்த அந்த வேடம், அன்னா எழுதியதை என்ன செய்தது?

சயாம் அரண்மனையின் உட்பகுதி பெண்களால் ஆன ஒரு நகரம். மன்னரையும் சிறு பிள்ளைகளையும் தவிர ஆண்கள் அங்கே குடியிருக்க முடியாது. அரசிகள், மன்னரின் துணைவியர், தாதிகள், சமையற்காரிகள், அடிமைகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள். கடைத்தெரு உண்டு. காவல் காத்தவர்களும் பெண்கள், வழக்கு விசாரித்தவர்களும் பெண்கள். அன்னா ஐந்து ஆண்டு அந்த வாசலைத் தாண்டிப் போய்வந்தார். வகுப்பறையைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் சடங்குகளைப் பற்றியும் எழுதும் பக்கங்களில் அவர் கண் கூர்மையாகவே இருக்கிறது. ஒரு குழந்தையின் பிடிவாதத்தையோ ஒரு தாயின் சாவையோ எழுதும்போது அங்கே ஒரு மனுஷி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது தெரிகிறது.

பெண்களின் விருப்பம், எதிர்ப்பு, விடுதலை என்று வரும்போது எழுத்து மாறிவிடுகிறது. துப்திம் என்ற இளம்பெண் ஒரு துறவியை நேசித்ததற்காகப் பொதுவிடத்தில் எரிக்கப்பட்டாள் என்கிறார் அன்னா. சயாமியப் பதிவுகளில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அரண்மனைக்கு அடியில் பெண்களை அடைக்கும் நிலவறைகள் இருந்ததாகச் சொல்கிறார். தோண்டினால் தண்ணீர் ஊறும் பாங்காக் மண்ணில் அப்படி நிலவறை அமைப்பதே அரிது என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். சோன்கிளின் என்ற அரண்மனைப் பெண் தன் அடிமைகளை விடுவித்ததைச் சொல்லும்போது, அமெரிக்க நாவலாசிரியை ஹேரியட் பீச்சர் ஸ்டோவைப் படித்து நெகிழ்ந்ததால் செய்தார் என்றும், அந்த எழுத்தாளரின் பெயரையே தன் பெயராகக் கையெழுத்திடத் தொடங்கினார் என்றும் எழுதுகிறார். சோன்கிளின் உண்மையாக வாழ்ந்தவர். அன்னா சொல்வது முழுவதும் நடந்ததாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் புத்தகத்தில் விடுதலை எங்கேயிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆங்கிலத்திலிருந்து வருகிறது. அதைக் கொண்டுவருகிறவர் ஆங்கிலேய ஆசிரியை.

அன்னா பாங்காக்கில் இருந்த அதே காலத்தில், அரண்மனைக்கு வெளியே நடந்த ஒரு வழக்கு தாய்லாந்தில் இன்றும் பேசப்படுகிறது. ஆண்டு 1865. நொந்தபுரியைச் சேர்ந்த முவான் என்ற சாதாரணக் குடும்பத்துப் பெண். அவர் விரும்பியது ரித் என்பவரை. பெற்றோர் வேறொருவருக்குக் கட்டாயப்படுத்திக் கொடுத்தார்கள். முவான் அங்கே இருக்க மறுத்து ரித்திடம் ஓடிப்போனார். பிடித்துக் காவலில் வைத்தார்கள். அங்கிருந்தும் தப்பி, நேராக மன்னரிடம் மனுக் கொடுத்தார். வயது வந்த பெண் தனக்குரியவனைத் தானே தேர்ந்துகொள்ளலாம் என்று மோங்குட் தீர்ப்புச் சொன்னார். அடுத்த சில ஆண்டுகளில், மனைவியின் சம்மதம் இல்லாமல் கணவன் அவளை விற்கலாம் என்ற பழைய வழக்கமும் சட்டத்தில் திருத்தப்பட்டது. சான் என்ற இன்னொரு பெண்ணின் மனு அதற்குக் காரணம். பெண் எருமை, ஆண்தான் மனிதன் என்ற பொருளில் ஒரு பழமொழி சயாமில் இருந்தது. அதன் முகத்துக்கு நேரே நின்று பேசியவர்கள் முவானும் சானும். அவர்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இதைச் சொல்வதால் மோங்குட்டைச் சீர்திருத்தச் சிற்பியாக்கி மாலை போட வேண்டியதில்லை. முவானுக்குக் கிடைத்த உரிமை உயர்குடிப் பெண்களுக்கு அதே அளவில் நீளவில்லை. தகப்பன்மார் அரசியல் உறவுக்காகத் தங்கள் மகள்களை அரண்மனைக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மன்னருக்கு 82 பிள்ளைகள். சில துணைவியர் விரும்பினால் வெளியேறி மணந்துகொள்ளலாம் என்று அவர் அனுமதித்தது உண்மை. அரச வாரிசைப் பெற்ற தாய்களுக்கு அந்த அனுமதி கிடையாது என்பதும் உண்மை. அடிமை முறை முழுதாக ஒழிய 1905 வரை ஆயிற்று. தாய்லாந்து அரசு படங்களைத் தடைசெய்தபோது காக்க நினைத்தது மன்னரின் மரியாதையை. அந்தப்புரத்துப் பெண்களின் மரியாதை அந்த வாதத்தில் எந்தப் பக்கமும் இல்லை. ஆக, அன்னாவை மறுப்பதற்காக அரண்மனையின் பக்கம் போய் நிற்க என்னால் முடியாது.

நான் சொல்வது இதைத்தான். அன்னா அந்தப் பெண்களைப் புரிந்துகொள்ள மற்ற எந்த ஐரோப்பியரையும்விடத் தகுதியானவராக இருந்தார். படைக் குடியிருப்பில் வளர்ந்தவர். மராத்தியும் இந்துஸ்தானியும் காதில் விழ வளர்ந்தவர். ஓர் அதிகாரியின் வீட்டில் இருந்து, பிள்ளை பெற்று, எந்த ஆவணத்திலும் பெயர் ஏறாமல் போன ஒரு பெண்ணின் பேத்தி. ஆண் ஒருவரின் வீட்டுக்குள் பெண் என்னவாக வைக்கப்படுகிறாள், பிழைத்துக்கொள்ள என்னென்ன செய்கிறாள் என்பது அவர் குடும்பத்தின் கதை. அந்தப்புரத்துப் பெண்களைப் பார்த்து 'என் பாட்டியும் இப்படித்தான்' என்று எழுதக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அதை எழுதியிருந்தால் வேலையும் வாசகர்களும் பெயரும் பிள்ளைகளின் எதிர்காலமும் போயிருக்கும். அதனால் எதிர்த்திசையில் எழுதினார். தனக்கும் அவர்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் தேவைப்பட்டதோ அவ்வளவு இருட்டை அவர்கள்மேல் பூசினார். வேடத்துக்கான விலையைக் கொடுத்தவர்கள் சயாமியப் பெண்கள். நூற்றைம்பது ஆண்டாக, புத்தகமாகவும் நாடகமாகவும் படமாகவும் அதைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையின் முதல் வடிவம் இங்கே முடிந்திருந்தது. போன ஆனி மாதம், காரைக்காலில் மாங்கனித் திருவிழாவுக்குப் போய்விட்டு நானும் சின்னம்மாவும் பேருந்தில் நெடுங்காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கப்பலேறிப் போன பரமதத்தன், திரும்பி வராமல் பாண்டிநாட்டில் இன்னொருத்தியை மணந்துகொண்டதை அம்மையார் கதையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அன்றைக்கு அந்தப் பேச்சு வந்தபோது சின்னம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். அன்னாவின் கதையைச் சொன்னேன்.

முழுவதும் கேட்டார். "அந்தம்மாதான் என்ன பண்ணும்? நாலு பேரு முன்னாடி நிக்கணும்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் கணக்கு எழுதல பாப்பா" என்றார்.

பாங்காக் போன மூன்றாவது வருடமே சித்தப்பா வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டு போய்விட்டார். கையில் காசில்லை, மொழி தெரியாது, விசாவும் முடிந்துவிட்டது. சீலோம் மாரியம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவரைப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை போட்டிருந்த தாய்லாந்துக்காரப் பெண் ஒருவர் பார்த்திருக்கிறார். அவர் கேட்ட முதல் கேள்வி, "கின் காவ் ரூ யாங்?" சோறு சாப்பிட்டாயா? "நம்ம ஊருல கேக்குற மாதிரியே கேட்டுச்சு. சொல்லு புரியல. கேட்ட விதம் புரிஞ்சுது." அதற்குப் பிறகு பதினான்கு வருடம் அந்தக் கடைதான் வீடு. பாத்திரம் கழுவினார், பூண்டு உரித்தார், பப்பாளிக்காயைச் சீவி உரலில் இடித்தார். கடைக்கார அம்மாவை 'பா' என்று கூப்பிட்டார். அப்பா அம்மாவின் அக்காவுக்கு அங்கே அப்படிச் சொல்வார்கள். அந்த அம்மா இவரை 'நோங்' என்றார், தங்கை முறை. அந்த அம்மாவின் கணவரும் எப்போதோ விட்டுப் போனவர்தான். நவராத்திரி முடிவில் அம்மன் ஊர்வலம் வரும்போது இரண்டு பேரும் சாமந்திப்பூ வாங்கிக்கொண்டு தெருவோரம் நிற்பார்களாம்.

"அப்புறம் ஏன் சின்னம்மா அன்னைக்கித் திண்ணையில அப்படிச் சொன்ன?"

"என்னைய யாரும் ஒண்ணும் கேட்டுறக் கூடாதுன்னு அவளுவளச் சொன்னேன். அவளுவ இங்க வந்து என்னைய ஏன்னு கேக்கப் போறாளுவளா?"

ஒரு ஊரில் நெடுங்காலம் தங்கியவர்கள் அந்த ஊர் மக்களைப் பற்றிச் சொல்வதை நாம் அனுபவச் சான்றாக எடுத்துக்கொள்கிறோம். 'பதினேழு வருஷம் இருந்தவங்க சொல்றாங்க' என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. அன்னாவின் புத்தகம் வாங்கிய மதிப்பும் அதே மதிப்புதான்: அரண்மனைக்குள் ஐந்து ஆண்டு இருந்தவர் சொல்கிறார். ஆனால் தங்கியிருந்த காலத்தின் நீளம் சொல்லப்படுவதன் உண்மைக்கு உத்தரவாதம் ஆகாது. சொல்கிறவர் எதை மறைத்தாக வேண்டியிருந்தது, யாருடைய திண்ணைமுன் நின்று சொல்கிறார் என்று சேர்த்துக் கேட்டுப் படிக்க வேண்டும். சின்னம்மாவைப் பொய் சொல்ல வைத்தது பாங்காக் இல்லை. அந்தச் சிரிப்போடு காத்திருந்த எங்கள் ஊர். அன்னாவைப் பொய் சொல்ல வைத்ததும் சயாம் இல்லை. கலப்பு ரத்தம் என்று தெரிந்தால் கதவைச் சாத்தியிருக்கக்கூடிய ஆங்கிலேயச் சமூகம். அந்தச் சமூகத்தை எதிர்க்க முடியாத இடத்தில் இருவரும், எதிர்த்துக் கேள்வி கேட்க வராத பெண்கள்மேல் பழியை இறக்கி வைத்தார்கள்.

தாய் மொழியில் இந்தியர்களை 'கெக்' என்பார்கள். விருந்தாளி என்பதும் அந்தச் சொல்லுக்குப் பொருள். சீலோம் மாரியம்மன் கோயிலுக்கே அங்கே 'வாட் கெக்' என்றுதான் பெயர். அதில் அன்பும் உண்டு, என்றைக்கும் வெளியாள்தான் என்ற விலக்கமும் உண்டு என்கிறார் சின்னம்மா. பதினேழு வருடம் இருந்தாலும் விருந்தாளிதான். விருந்தாளி ஊர் திரும்பியதும் சோறு போட்டவரைப் பற்றி என்ன சொல்கிறாள் என்பதில் நமக்கும் பங்கிருக்கிறது. அவள் உண்மையைச் சொன்னால் தாங்கிக்கொள்ளும் திண்ணை ஊரில் இருக்க வேண்டும். பாத்திரம் கழுவிப் பிழைத்தேன், கணவன் விட்டுப் போனான், ஒரு தாய்லாந்துக்காரி என்னைக் காப்பாற்றினாள் என்று ஒரு பெண் தலை குனியாமல் சொல்ல முடிந்தால், இன்னொரு நாட்டுப் பெண்ணை வெட்கம்கெட்டவள் என்று சொல்ல வேண்டிய தேவை அவளுக்கு வராது.

இதையெல்லாம் எழுதலாமா என்று சின்னம்மாவிடம் கேட்டேன். "எழுது. ஊரு பேரப் போடு. என் பேரப் போடாத" என்றார். அந்தக் கடைக்கார அம்மாவின் பெயரையாவது போடட்டுமா என்றேன். யோசித்துப் பார்த்தார்.

"முழுப் பேரு தெரியாது பாப்பா. அங்க யாரும் முழுப் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. பதினாலு வருஷமும் பா-ன்னுதான் கூப்பிட்டேன்."